கடனும் சாதியும்: திருப்பூரில் ஒரு விடுதலைக் கணக்கு

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கடன் இல்லாத குடும்பம்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் யூடியூபில் நூற்றுக்கணக்கான பேச்சுகள் கிடைக்கும். பேக்கரியில் டீயைக் குறை, போனை மாற்றாதே, செலவை நோட்டில் எழுது என்று சொல்வார்கள். எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் வாரம் ஆறு நாள், ஒன்றரை ஷிப்ட் என்று உழைத்து, சனிக்கிழமை வாங்கிய சம்பளம் திங்கட்கிழமைக்குள் காணாமல் போகிற வீட்டில், டீயைக் குறைத்தால் கடன் தீரும் என்று சொல்வது கேலி. ஆகவே நாம் வேறு இடத்தில் இருந்து தொடங்குவோம். யாருக்குக் கடன் ஏணியாக இருக்கிறது, யாருக்குக் கயிறாக இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடனைப் பற்றிப் பேச முடியாது.

முதலில் ஒரு பழைய கணக்கு. மனு தர்மத்தின் எட்டாம் அத்தியாயம் வட்டியைப் பற்றிப் பேசுகிறது. நூறு பணத்துக்கு மாதம் எவ்வளவு வட்டி வாங்கலாம்? பார்ப்பனரிடம் இரண்டு, சத்திரியரிடம் மூன்று, வைசியரிடம் நான்கு, சூத்திரரிடம் ஐந்து. அதே அத்தியாயத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. கடனைத் திருப்ப முடியாதவர் கடன் கொடுத்தவருக்குச் சமமான சாதியாகவோ கீழ்ச்சாதியாகவோ இருந்தால் உழைத்துக் கழிக்க வேண்டும். மேல்சாதியாக இருந்தால் கையில் பணம் வரும்போது மெல்ல மெல்லக் கொடுக்கலாம். அதாவது வட்டி விகிதத்திலும் வருணம், வசூல் முறையிலும் வருணம். நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. அவர்கள் கடன் வாங்கும் ஆளாகக்கூட எண்ணப்படவில்லை. உழைப்பு மட்டும் எண்ணப்பட்டது.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது வங்கியில் சாதி கேட்டா வட்டி போடுகிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். கேட்பதில்லை, உண்மைதான். சொத்தைக் கேட்கிறார்கள். இன்றைய பட்டியலைப் போட்டுப் பாருங்கள். பத்திரம் வைத்திருப்பவர் வீட்டுக்கடன் வாங்கினால் ஆண்டுக்கு ஒற்றை இலக்க விழுக்காடு. பத்திரம் இல்லாத பெண்கள் குழுவாக உட்கார்ந்து நுண்கடன் வாங்கினால் 20 விழுக்காட்டுக்கும் மேல். தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதி, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுக்கிறார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினமும் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 'பத்து வட்டி' என்றால் மாதம் நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு 120 விழுக்காடு. மனு சூத்திரனுக்குப் போட்ட மாதம் ஐந்து என்பது ஆண்டுக்கு 60 விழுக்காடுதான். மனுவைப் போல் இரண்டு மடங்கு வட்டியை இந்த ஊர் தெருக்களில் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சொத்து இல்லாதவர் ஏன் சொத்து இல்லாதவர் ஆனார்? கொங்குப் பகுதியில் நிலம் யார் கையில் இருந்தது, அந்த நிலத்தில் யார் பண்ணையாளாக இருந்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பண்ணையம் என்ற ஏற்பாட்டில் அருந்ததியர் குடும்பங்கள் பரம்பரை பரம்பரையாக ஒரே தோட்டத்தில் கட்டுண்டு கிடந்தன. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தோட்டக்காரர் முன்பணம் கொடுப்பார். அந்தக் கணக்கு என்றைக்கும் முடியாது. அப்பன் வாங்கியதற்கு மகன் மாடு மேய்த்தான். நிலம் வைத்துக்கொள்ள விடாத சாதிதான் இன்று 'அடமானம் வைக்க என்ன இருக்கிறது?' என்ற கேள்வியாக வங்கி வாசலில் நிற்கிறது.

இப்போது திருப்பூருக்கு வருவோம். இந்த ஊரின் வரலாற்றில் கடனைப் பற்றி ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் திருப்பூர்ச் சுற்றுவட்டக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர்கள். கொத்தடிமைத்தனம் வயலில் இருந்து ஆலைக்கு எப்படி உருமாறியது என்பது பற்றி 2013-இல் அவர்கள் எழுதிய கட்டுரை நாம் படிக்க வேண்டிய ஒன்று. விசைத்தறி ஓடும் கிராமத்தில், தறி முதலாளிகள் தலித் தொழிலாளருக்கு மொத்தமாக அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடுவதை அவர்கள் பார்த்தார்கள். அந்தப் பாக்கி தீராமல் வேறு தறிக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் புதிய முதலாளி பழைய பாக்கியைக் கொடுத்து ஆளை எடுக்க வேண்டும். ஆள் மாறவில்லை, கடன் மாறவில்லை, பிடித்திருக்கும் கை மட்டும் மாறுகிறது. தோட்டம் போய் தறி வந்தது, பண்ணையம் போகவில்லை.

ஆனால் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போகும் தலித் இளைஞர்களிடம் அவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அங்கே அந்த அளவுக்கு அட்வான்ஸ் பிடி இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த கம்பெனிக்குப் போகலாம். ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்கள் நடுவே இருந்து வந்தவருக்கு, ஓவர்லாக் மிஷினில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன சாதி என்று தெரியாத ஒரு வேலை கிடைத்தது. கூலி பெரிதாக இல்லை, வேலை நிரந்தரம் இல்லை. ஆனாலும் அந்த இளைஞர்கள் அதை மரியாதையான வேலையாகக் கருதினார்கள். இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: கடன் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அந்தக் கடன் யார் கையில் இருக்கிறது, அது உன் உழைப்பைக் கட்டிப்போடுகிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வேலை கொடுப்பவரிடமே கடன் வாங்கும்போது, வேலையை விடும் உரிமையை அடமானம் வைக்கிறோம்.

தறி அட்வான்ஸின் கொடுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. அரசு விசாரித்தது, பிறகு உயர்நீதிமன்றம் சிறப்பு விசாரணைக் குழு அமைத்தது. புரோக்கர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தறி நெய்கிறவருக்கு உடம்பைத் தவிர வேறு அடமானம் இல்லாமல் போனது எப்படி என்று பேசியவர்கள் குறைவு.

பனியன் கம்பெனித் தொழிலாளி அட்வான்ஸில் இருந்து தப்பினார் என்றால், கடனில் இருந்து தப்பினாரா? இல்லை. முதலாளியின் கை போன இடத்தில் குழுக்கடன், தண்டல், நகைக்கடை, செயலிக்கடன் என்று பல கைகள் வந்தன. குழுக்கடனின் தந்திரத்தைக் கவனியுங்கள். சொத்துக்குப் பதிலாக அங்கே அடமானம் வைக்கப்படுவது மானம். ஒரு பெண் தவணை கட்டாவிட்டால் அதே தெருவில் உள்ள மற்ற பெண்கள் அவர் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். ஒன்றாகக் கூடினால் சங்கமாகி இருக்க வேண்டியவர்களை, ஒருவரை ஒருவர் காவல் காக்கிறவர்களாக ஆக்கிவிட்டது.

கடன் தொழிலாளியை என்ன செய்கிறது? இந்த ஊரில் 1984-இல் பஞ்சப்படி கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. இன்று ஒரு வாரம் வேலைநிறுத்தம் என்றால் முதலில் வரும் கேள்வி, "செவ்வாய்க்கிழமை குழுப் பணத்துக்கு என்ன செய்வது?" என்பதுதான். அதிகநேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. ஒற்றைச் சம்பளத்துக்கு ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொன்னாலும் மறுக்க முடியாமல் செய்வது தவணைதான். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசினாலும் அந்தப் பெண் எழுந்து போக முடியாமல் செய்வதும் தவணைதான். வாங்கிய கடனுக்கு வட்டியாகப் போவது பணம் மட்டும் இல்லை, பேசும் துணிச்சலும் போகிறது. அதனால்தான் இதைச் சுயமரியாதைப் பிரச்சினை என்று சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் பாருங்கள். முதலாளி கடன் வாங்குவதில்லையா? அவரைவிட அதிகமாக நம் ஊரில் யாரும் கடன் வாங்குவதில்லை. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் திருப்பூரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். விவசாயப் பின்னணியில் இருந்து வந்த கவுண்டர் சமூகத்தவர் எப்படி ஆலை முதலாளிகள் ஆனார்கள் என்பது அதன் பொருள். உழைத்தார்கள், உண்மை. அந்த உழைப்போடு சொந்தபந்தமும் கூட்டாளித்தனமும் சேர்ந்து நின்றன. அதே காலத்தில் அதே அளவு உழைத்த அருந்ததியருக்குக் கைகொடுக்க அப்படி ஒரு சொந்தபந்தம் இல்லை. அரசும் கைகொடுத்தது: புதிய மிஷின் வாங்குவதற்கான வட்டியில் 5 விழுக்காட்டை 1999-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசே ஏற்றது.

அண்மையில் நடந்ததையே சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர் நின்றது. நவம்பர் மாதம் ரிசர்வ் வங்கி, பாதிக்கப்பட்ட ஏற்றுமதியாளர்களின் கடன் தவணைகளை, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரைக்குமானவற்றை, வங்கிகள் தள்ளிவைக்க வழி செய்தது. அதை நான் குறை சொல்லவில்லை. கம்பெனி மூடினால் நமக்கும் வேலை இல்லை. ஆனால் அதே கம்பெனியில் வேலை குறைந்து மூன்று நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்த செக்கிங் அக்காவின் குழுக்கடன் தவணையை யார் தள்ளிவைத்தார்கள்? ஒரே வரி, ஒரே இழப்பு. ஒருவருக்கு அவகாசம், இன்னொருவருக்கு வாசலில் ஆள். மெல்ல மெல்லக் கொடுக்கலாம் என்ற சலுகை யாருக்கு, உழைத்துக் கழி என்ற கட்டளை யாருக்கு என்ற பழைய விதி ஞாபகம் வருகிறதா?

ஒரு கணம் கணக்கைத் திருப்பிப் போடுவோம். நாம் ஆறு நாள் வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறோம். அந்த ஆறு நாள் உழைப்பு நாம் கம்பெனிக்கு வட்டி இல்லாமல் கொடுத்த கடன். ஆண்டு முழுக்க வேலை செய்து தீபாவளிக்கு வாங்கும் போனஸ் நம்முடைய தள்ளிப்போடப்பட்ட சம்பளம். சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இந்த நூற்பாலைகளில் நடந்ததே, அதில் மூன்று ஆண்டு வேலை முடிந்த பிறகுதான் மொத்தத் தொகை. கல்யாணச் செலவுக்காக வந்த இளம்பெண்கள் தங்கள் கூலியை ஆலை முதலாளியிடம் மூன்று ஆண்டு விட்டுவைத்தார்கள். பாதியில் உடம்பு முடியாமல் போனவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. அங்கே கடன் கொடுத்தது யார், கடன்பட்டது யார்? தமிழில் 'கடன்காரர்' என்ற சொல்லை இரண்டு பேருக்கும் சொல்கிறோம். நாம் எப்போதும் வாங்கியவர் பக்கத்தில் மட்டும் நம்மைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

சரி, என்ன செய்வது? முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ குறைந்தபட்சக் கூலியையோ இழந்து கட்டுண்டிருந்தால் அது கொத்தடிமை முறை. அந்தக் கடன் சட்டப்படி செல்லாது, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவரின் பொறுப்பு. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறியில் அட்வான்ஸோடு மாட்டிக்கொண்டிருக்கும் உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால், ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம். விடுவிப்புச் சான்றிதழ் வாங்கலாம். எல்லாக் கடனும் இப்படிச் செல்லாததாகிவிடும் என்று தவறாக நினைக்கக் கூடாது. உழைப்பைக் கட்டிப்போடும் கடனுக்குத்தான் இது.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இல் இருந்தே சட்டம் இருக்கிறது. கடனை வசூலிக்க மிரட்டுவது, பின்தொடர்வது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்வது ஆகியவற்றுக்கு எதிராக 2025-இல் ஒரு சட்டம் வந்தது. நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டிக் கடன் கொடுத்திருந்தால் விதியை மீறியது நிறுவனம். அந்தப் பாதி என்ற அளவே அதிகம் என்பது என் கருத்து. மாதம் 25,000 ரூபாய் வரும் வீட்டில் 12,500 ரூபாய் தவணைக்குப் போனால், வாடகையும் அரிசியும் எங்கிருந்து வரும்? அடுத்த கடனில் இருந்துதான் வரும். பெண்கள், பட்டியல் சாதியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு. இது சலுகை இல்லை, 1987 சட்டம் தந்த உரிமை.

இரண்டாவது, கடன் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று பார்த்து அந்த வழியை அடைக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று வழிகள்: நோய், சடங்கு, படிப்பு.

நோய்க்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. நம் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடித்தம், முதலாளி பங்கு 3.25 விழுக்காடு. உடம்பு சரியில்லை என்றால் சிகிச்சையோடு, ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு சம்பளம். பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம். ஆனால் பவர்டேபிளிலும் காண்ட்ராக்டிலும் வேலை செய்கிறவர்களின் பெயர் பதிவேட்டிலேயே இருப்பதில்லை. "பிடித்தம் இல்லாமல் கையில் முழுச் சம்பளம் வருகிறது" என்று நாமும் சிலசமயம் மகிழ்ந்துவிடுகிறோம். ஒரு ஆபரேஷன் வந்தால் அந்த மகிழ்ச்சி முழுவதும் பத்து வட்டியாக மாறும். ஈ.எஸ்.ஐ. எண் கேட்பது கடன் தடுப்பு நடவடிக்கை என்று புரிந்துகொள்ளுங்கள்.

சடங்குக்கு மருந்து பெரியார் சொன்னதுதான். மனிதன் தேவருக்கும் ரிஷிக்கும் முன்னோருக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்று பார்ப்பனியம் சொல்லிக்கொடுத்தது. பிறக்கும்போதே கடனாளி என்று நம்பவைத்தவன், காதுகுத்துக்கும் சீருக்கும் கருமாதிக்கும் கடன் வாங்கு என்று சொல்வது எளிது. கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதே, எளிமையாகச் செய் என்று பெரியார் திரும்பத் திரும்பப் பேசினார். பெரியாரும் அண்ணாவும் முதன்முதலில் சந்தித்தது 1934-இல் இதே திருப்பூரில். அண்ணா முதலமைச்சரான 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. மாலையோ மோதிரமோ மாற்றி, உற்றார் நண்பர் முன்னால் ஒப்புக்கொண்டால் போதும்; புரோகிதரும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். பெரிய கூட்டம் கூட்டி அறிவிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்தச் சட்டத்தைச் சாதி ஒழிப்புக்கான சட்டம் என்று மட்டும் படித்திருப்போம். இது கடன் ஒழிப்புக்கான சட்டமும்கூட.

இது எளிது என்று நான் ஏமாற்ற மாட்டேன். 2016 மார்ச் 13 அன்று, நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். சாதி மறுத்து மணப்பவருக்கு உயிரே விலையாகும் ஊர் இது. சொந்தச் சாதிக்குள் மணப்பவருக்கோ நகை, சீர், மண்டபம், மொய் என்று ஆயுள் கடன் விலை. இரண்டு விலையையும் வசூலிப்பது சாதிதான். வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் இதைப் பேச வேண்டும், கோபப்படாமல் பேச வேண்டும். "எல்லோருக்கும் மொய் வைத்திருக்கிறோம், திரும்ப வர வேண்டாமா?" என்று அம்மா கேட்பது பேராசை இல்லை. அது அவர் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்த சேமிப்பு. அதற்குப் பதில் இல்லாமல் கொள்கை மட்டும் பேசினால் எடுபடாது. செலவை ஐந்தில் ஒன்றாக்கிவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டோடு வரவேற்பு வைத்தாலும் மொய் வரும் என்று கணக்கு எழுதிக் காட்டுங்கள்.

படிப்புக்குக் கடன் வாங்குவதைச் சடங்குக் கடனோடு சேர்க்க மாட்டேன். ஆனால் அரசுப் பள்ளியும் அரசுக் கல்லூரியும் இருக்கும்போது, பக்கத்து வீட்டார் சேர்த்தார்கள் என்பதற்காகத் தண்டல் வாங்கித் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். காலை உணவு, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, மாத உரிமைத்தொகை ஆகியவற்றை 'இலவசம்' என்று கேலி செய்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டு: அந்தப் பணம் ஒவ்வொரு வீட்டிலும் வாங்காமல் விட்ட கடன். அரசு எங்கே பின்வாங்குகிறதோ அங்கே வட்டிக்காரர் நுழைகிறார்.

மூன்றாவதும் கடைசியுமாகச் சொல்ல வேண்டியது கூலி. எல்லா வழியையும் அடைத்தாலும், வாழப் போதாத கூலி இருக்கும்வரை கடன் வரும். சிக்கனத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. ஆகவே சங்கம் வேண்டும். சங்கத்துக்குக் கடன் கணக்கும் தெரிய வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை பேர் எந்த வட்டிக்குக் கட்டுகிறார்கள் என்று உங்களால் ஒரு மாதத்தில் கணக்கெடுக்க முடியும். அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்க ஒருவருக்கொருவர் உதவலாம். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வட்டி எவ்வளவு, தெருமுனையில் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி ஒட்டலாம். தவணை கட்டாத பெண்ணின் வாசலுக்கு வசூல்காரர் வரும்போது, அந்தத் தெருவின் இளைஞர்கள் ரிசர்வ் வங்கி விதியின் நகலோடு பக்கத்தில் போய் நின்றாலே பேச்சின் தொனி மாறும்.

அரசியலில் சமத்துவம் பெறுகிறோம், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் சமத்துவமின்மை தொடரும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் எச்சரித்தார். அந்த முரண்பாடு நம் வீட்டுக்குள் சனிக்கிழமைதோறும் வருகிறது. வாக்குச்சாவடியில் நமக்கும் முதலாளிக்கும் ஒரே ஓட்டு. சம்பளக் கவர் கைக்கு வந்த அன்றிரவு, யாருக்கு முதலில் கொடுப்பது என்று வீட்டில் பேசும்போது அந்த ஓட்டு எங்கே போகிறது?

கடனில்லாத வீடு என்றால் என் கண்ணுக்குத் தெரிவது பெரிய பங்களா இல்லை. திங்கட்கிழமை காலையில் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பயப்படாமல் கதவைத் திறக்கும் வீடு. "இந்தச் சம்பளத்துக்கு ஒன்றரை ஷிப்ட் பார்க்க மாட்டேன்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கும் வீடு. அந்தக் கணக்கெடுப்பை உங்கள் தெருவில் இருந்தே தொடங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பேச்சாளர் வேண்டாம், அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். அதை வைத்துப் பேசுவோம்.